அனெக்ஸ் வாடகைத் தளத்துக்குக் கூகுள் மெப் பில் 525 டொலர்: எதைக் குறைக்கலாம், எதை மாற்ற வேணும்?

அனெக்ஸ்தேடி

கொழும்பு, தெஹிவளை, வத்தளைப் பக்கம் வாடகைக்கு இருக்கிற வீடு, அனெக்ஸ் (வீட்டோட ஒட்டிய தனிப் பகுதி), அறைகளைப் போடும் தளம். ரியக்ட் என்ற ஜாவாஸ்க்ரிப்ட் நூலகத்தில எழுதியது. ஏறத்தாழ 1,500 விளம்பரங்கள் இருக்கு. மெப் இரண்டு இடத்தில வருது. தேடல் பக்கத்தில இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் பெரிய மெப். ஒவ்வொரு விளம்பரப் பக்கத்துக்கும் அடியில ஒரு சின்ன மெப், அதில ஒரு பின். இதோட, இடத்தின் பெயரை டைப் செய்யும்போது பரிந்துரை காட்டும் தேடல் பெட்டி ஒன்றும் இருக்கு. ஆன்ட்ரொய்ட் ஆப் என்று தனியாக எழுதவில்லை, இதே தளத்தை வெப்வியூவில (ஆப்புக்குள்ள திறக்கும் ப்ரௌஸர்) காட்டுறோம்.

போன மாதக் கணக்கு:

தேடல் பக்கப் பார்வைகள் 6,000
விளம்பரப் பக்கப் பார்வைகள் 24,000
டைனமிக் மெப்ஸ் (இழுத்துப் பார்க்கும் மெப்) 64,000: 378 டொலர்
ஓட்டோகம்ப்ளீட் (பெயர்ப் பரிந்துரை) 41,000: 87.73 டொலர்
ஜியோகோடிங் (முகவரியை அகலாங்கு, நெட்டாங்கு ஆள்கூறாக்குவது) 22,000: 60 டொலர்

மொத்தம் 525.73 டொலர். டொலரை 300 ரூபா என்று பிடித்தாலே ஒன்றரை லட்சத்துக்கு மேல.

கேள்விகள்: பக்கப் பார்வை 30,000தான், பிறகு மெப் மட்டும் எப்படி 64,000 தரம் எண்ணப்பட்டது? பட்ஜெட் 100 டொலர் என்று போட்டும் ஏன் நிற்கவில்லை? வேறு மெப்புக்கு மாறினால் இலாபமா? அடுத்த மாதம் ‘பஸ் ஹோல்டுக்கு எத்தனை நிமிடம், ஸ்கூலுக்கு எத்தனை நிமிடம்’ என்றும் காட்ட யோசனை. அதுக்கு எவ்வளவு வரும்?

காலிவீதி_கோடர்

மாறுற கதையைப் பிறகு பார்ப்போம். உங்கட எண்களே எல்லாத்தையும் சொல்லுது.

டைனமிக் மெப்ஸில கூகுள் எண்ணுவது பக்கத்தை இல்லை, மெப் ஒப்ஜெக்ட் புதிதாக உருவாவதை. உருவான மெப்பை ஆள் நாள் முழுக்க இழுக்கலாம், பெருப்பிக்கலாம், செட்டலைட்டுக்கு மாற்றலாம், ஒரு சதமும் கூடாது. ஆனால் அதே பக்கத்துக்குள்ளேயே இன்னொரு மெப் ஒப்ஜெக்ட் பிறந்தால் அது இன்னொரு லோட்.

இப்ப கழித்துப் பாருங்க. விளம்பரப் பக்கம் 24,000, ஒன்றுக்கு ஒன்று. மிச்சம் 40,000 லோட் தேடல் பக்கத்தில. பார்வை 6,000தான். ஒரு பார்வைக்கு ஆறு, ஏழு மெப். வாடகையைக் குறைக்கிறார், ‘பெண்களுக்கு மட்டும்’ டிக் செய்கிறார், பார்க்கிங் கேட்கிறார், ஒவ்வொரு தரமும் உங்கட கோட் பழைய மெப்பை வீசிவிட்டுப் புதியதைக் கட்டுது. ரியக்ட்டின் யூஸ்எஃபெக்ட் எப்ப மறுபடி ஓட வேணும் என்று சொல்லும் டிபெண்டன்ஸி பட்டியலில ஃபில்டர் முடிவுகள் இருக்கும், அல்லது மெப் கொம்பொனன்ட்டின் கீ (ரியக்ட் அதை அடையாளம் காணும் பெயர்) ஃபில்டரோடு சேர்ந்து மாறும். பந்தயம் கட்டலாம், இந்த இரண்டில ஒன்று.

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். மெப்பை உருவாக்கும் வரிக்கு மேல ஒரு கொன்சோல் கவுன்ட் வரி போடுங்க. பக்கத்தைத் திறந்து ஃபில்டரை ஐந்து தரம் மாற்றுங்க. எண் 1இலேயே நிற்க வேணும். 6 என்று காட்டினால் வியாதி பிடிபட்டது. இதை ப்ரொடக்ஷன் பில்டில பாருங்க. டெவ் மோடில ஸ்ட்ரிக்ட்மோட் எஃபெக்டை இரண்டு தரம் ஓட்டும், அதைப் பார்த்துத் தலை சுத்த வேண்டாம்.

திருத்தம்: மெப்பை ஒரு ரெஃப்பில வைத்து, முதல் தரம் மட்டும் உருவாக்குங்க. ஃபில்டர் மாறினால் பழைய மார்க்கர்களை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுற வேலை மட்டும். மார்க்கர் எத்தனை போட்டாலும் காசு இல்லை. இன்னொரு ஓட்டை, விளம்பரத்தைத் திறந்து பார்த்துவிட்டு ‘பெக்’ அடித்துத் திரும்பி வருவது. கொம்பொனன்ட் அன்மவுன்ட் ஆகி மறுபடி பிறக்கும், மறுபடி ஒரு லோட். வீடு தேடுற ஆள் இதைப் பதினைந்து தரம் செய்வார். மெப் இருக்கும் டிவ்வை ரூட்டருக்கு வெளியே வைத்து, தேடல் பக்கம் இல்லாத நேரம் மறைத்து மட்டும் வைத்தால் அதே மெப் உயிரோட இருக்கும்.

இதோட 64,000 என்பது 30,000க்கு இறங்கும். 10,000 இலவசம், மிச்சம் 20,000க்கு ஆயிரத்துக்கு 7 டொலர்ப்படி 140 டொலர். 238 டொலர் இதிலேயே போச்சு.

அடுத்தது விளம்பரப் பக்கம். அதில மெப் அடியில இருக்கு. ஃபோனில பார்க்கிறவர்களில பலர் படத்தையும் வாடகையையும் பார்த்துவிட்டு மேலேயே திரும்பிப் போவார்கள். அவர்களுக்கும் மெப் லோட் ஆகுது, ஜாவாஸ்க்ரிப்ட் ஓட்டும் பொட்களுக்கும் (தானாகப் பக்கம் திறக்கும் நிரல்கள்) ஆகுது. இங்க ஜாவாஸ்க்ரிப்ட் மெப்பே தேவையில்லை. மெப்ஸ் எம்பெட் ஏபிஐ என்று ஐஃப்ரேமில வருவது ஒன்று இருக்கு, அதுக்குக் கட்டணமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. அதில ‘வியூ’ மோடைப் பாவியுங்க: நடுப்புள்ளி, சூம் 16, பின் கிடையாது. வாடகை வீட்டுக்கு இது இன்னும் நல்லது. தனியாக இருக்கிற பெண் அனெக்ஸுக்கு ஆள் தேடும்போது வீட்டு வாசலிலேயே பின் குத்திக் காட்டுவது சரியில்லை, ஒழுங்கை அளவுக்குத் தெரிந்தால் போதும். நடுப்புள்ளியை இருநூறு மீட்டர் தள்ளியே வையுங்க. ஐஃப்ரேமுக்கு லோடிங் லேசி என்பதையும் சேருங்க.

எம்பெட்டில உங்கட நிறங்கள், வட்டம், சொந்த மார்க்கர் எதுவும் போட முடியாது. அது கட்டாயம் வேணும் என்றால் ஸ்டெட்டிக் மெப் படத்தைக் காட்டி, அதை அழுத்தினால் மட்டும் உண்மையான மெப்பைத் திறவுங்க. ஸ்டெட்டிக் ஆயிரத்துக்கு 2 டொலர், அதுக்கும் மாதம் 10,000 இலவசம். 24,000 படத்துக்கு 28 டொலர். அந்தப் படத்தை டவுன்லோட் செய்து உங்கட சேவரில வைத்துப் பரிமாறுவது விதிக்கு மாறு, அந்தக் குறுக்குவழிக்குப் போகாதீங்க.

ஜியோகோடிங் 22,000 என்பது 24,000க்குப் பக்கத்தில நிற்குது, கவனித்தீங்களா? 1,500 விளம்பரத்துக்கு 22,000 ஜியோகோட் வர ஒரே வழிதான் இருக்கு. பக்கம் திறக்கும் ஒவ்வொரு தரமும் முகவரியை அனுப்பி ஆள்கூற்றைக் கேட்கிறீங்க. விளம்பரம் பதியும்போது ஒரு தரம் எடுத்து டேட்டாபேஸில வைத்தால் இந்த வரி பில்லில இருந்தே மறைந்து போகும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கு. கூகுள் தந்த ஆள்கூற்றை 30 நாளுக்கு மேல வைத்திருக்க அவர்களின் விதி விடாது. ப்ளேஸ் ஐடியை (இடத்துக்குக் கூகுள் தரும் அடையாளக் குறி) மட்டும் எத்தனை நாளும் வைத்திருக்கலாம்.

அதனால முகவரியை நம்புறதையே விடுங்க. ‘இல. 45/3, 42ஆவது ஒழுங்கை’ என்று கொடுத்தால் எந்த ஜியோகோடரும் ஒழுங்கையின் நடுவிலோ காலி வீதி முனையிலோதான் கொண்டுபோய்க் குத்தும். இலக்கத்தில வருகிற அந்தக் கோடு அதுக்கு விளங்காது. பதிவுப் படிவத்தில ‘வீட்டில நிற்கிறேன்’ என்று ஒரு பொத்தான் வையுங்க, ப்ரௌஸரின் ஜியோலொகேஷன் ஃபோனின் ஜிபிஎஸ்ஸை எடுத்துத் தரும். இலவசம், எச்டிடிபிஎஸ் மட்டும் வேணும். வீட்டுக்குள்ள இருந்து எடுத்தால் சில பத்து மீட்டர் பிசகும், ஆகவே பின்னை இழுத்துத் திருத்தவும் விடுங்க. வீட்டுக்காரர் தந்த ஆள்கூறு உங்கட சொத்து, 30 நாள் கதையெல்லாம் இல்லை.

தேடல் பெட்டிக்கு ஓட்டோகம்ப்ளீட் ஏன்? உங்கட ஆட்கள் தேடுவது கடைப் பெயரையா? கொழும்பு 1 முதல் 15 வரை, பிறகு தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, வத்தளை, நுகேகொடை. ஒழுங்கைகளைச் சேர்த்தாலும் சில நூறு பெயர். மூன்று மொழியிலும் எழுதி ஒரு ஜேசன் கோப்பில போட்டால் சில பத்துக் கிலோபைட். அதோட, கூகுளுக்கு விளங்காத எழுத்துக்கூட்டலை நீங்களே சேர்க்கலாம். வெள்ளவத்தையை ஆங்கிலத்தில டி-ஏ என்றும் முடிப்பார்கள், டி-டி-ஈ என்றும் முடிப்பார்கள், ‘கொழும்பு 6’ என்றும் ‘06’ என்றும் அடிப்பார்கள். கொட்டாஞ்சேனைக்கு 13, மட்டக்குளிக்கும் முகத்துவாரத்துக்கும் 15. எல்லாம் ஒரே வரியில மாற்றுப்பெயராகப் போகட்டும்.

இல்லை, கூகுளே வேணும் என்றால் மூன்று எழுத்து வந்த பிறகு கேளுங்க, கை ஓய்ந்து 300 மில்லிசெக்கன் பொறுத்துக் கேளுங்க, செஷன் டோக்கனும் (ஒரு தேடலின் கோரிக்கைகளை ஒன்றாகச் சேர்க்கும் குறி) போடுங்க. ‘பம்பலப்பிட்டி’யை ஆங்கிலத்தில அடிக்க 13 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோரிக்கை அனுப்பினால் 41,000 வரத்தான் செய்யும்.

லீஃப்லெட்_மச்சான்

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? லீஃப்லெட் என்ற மெப் நூலகத்தைப் போட்டு ஓபன்ஸ்ட்ரீட்மெப் டைல்களை (மெப்பின் சதுரத் துண்டுகள்) கொடுங்க. எல்லாம் ஃப்ரீ. ஏபிஐ கீயும் இல்லை, கார்டும் இல்லை. அரை நாள் வேலை.

சதுரத்துண்டு

மச்சான் சொல்லுறதில பாதி சரி. லீஃப்லெட் ஃப்ரீ, ஓபன்ஸ்ட்ரீட்மெப் தரவும் ஃப்ரீ. ஆனா அவையின்ர டைல் சேவர் ஃப்ரீ ஹோஸ்டிங் இல்லை. நன்கொடைக் காசில ஓடுற சேவர் அது. பாவனை விதி ஒண்டு இருக்கு: பெயர் போட வேணும், ரெஃபரர் (எந்தத் தளத்திலயிருந்து கோரிக்கை வருது எண்ட தகவல்) ஒழுங்கா போக வேணும், மொத்தமா டவுன்லோட் செய்யக் கூடாது. சுமை கூடினா அறிவிக்காமலே தடுக்கலாம். சின்னத் தளத்துக்குப் பரவாயில்லை, ஆனா காசு வாங்கி விளம்பரம் போடுற தளம் அதை நம்பி நிக்கிறது புத்தி இல்லை. இடம் தேடுற நொமினட்டிமும் அப்பிடித்தான். செக்கனுக்கு ஒரு கோரிக்கைதான் அனுமதி, டைப் செய்யச் செய்யக் கேக்கிறது முழுக்கத் தடை.

கூகுளை விட்டு வர வேணுமெண்டா நான் சொல்லுறது இது: மெப்லிப்ரெ (மெப்பை வரையிற நூலகம்), பிஎம்டைல்ஸ் (மெப் கோப்பு வகை), கிளவுட்ஃப்ளெயார் ஆர்2 (கோப்பு சேமிக்கிற சேவை). டைல் சேவரே இல்லை. முழு மெப்பும் ஒரே கோப்பு. ப்ரௌஸர் அந்தக் கோப்பில தனக்குத் தேவையான துண்டை மட்டும் ரேஞ்ச் கோரிக்கையில எடுக்கும்.

செய்யிற முறை:

1. ப்ரோட்டோமெப்ஸ் போடுற உலகக் கோப்பு நூறு ஜிபிக்கு மேல. அதை இறக்க வேண்டாம். பிஎம்டைல்ஸ் கட்டளைக் கருவியில எக்ஸ்ட்ராக்ட் எண்டு ஒரு கட்டளை இருக்கு, தூரத்தில இருக்கிற கோப்பிலயிருந்து உங்கட பெட்டியை மட்டும் வெட்டித் தரும். கொழும்புக்கும் சுற்றுப்புறத்துக்கும் 79.80, 6.70, 80.10, 7.10 எண்டு கொடுங்கோ. முழு இலங்கையையும் வெட்டினாலும் ஒரு ஜிபிக்குள்ள அடங்கும்.

2. ஆர்2இல ஏத்துங்கோ. 10 ஜிபி வரை சேமிப்பு இலவசம், வெளியே போற டேட்டாவுக்குக் கட்டணமே இல்லை. இதுதான் முக்கியம். அமேசனின்ர எஸ்3இல 100 ஜிபிக்குப் பிறகு வெளியே போற ஒவ்வொரு ஜிபிக்கும் காசு. வாசிக்கிற கோரிக்கை ஆர்2இல மாதம் 1 கோடி வரை இலவசம். ஒரு மெப் பார்வைக்கு 40 கோரிக்கை எண்டு தாராளமாப் பிடிச்சாலும், திருத்தாத உங்கட 64,000க்கே 25.6 லட்சந்தான் வரும்.

3. சொந்த டொமைனை இணையுங்கோ. ஆர்2 தானாத் தர்ற சோதனை முகவரி வேகக் கட்டுப்பாடு உள்ளது, அதை நேரடித் தளத்தில போடாதேங்கோ.

4. சிஓஆர்எஸ் (வேற டொமைன் கோப்பை வாசிக்க விடுற அனுமதி): உங்கட டொமைனுக்கு கெட், ஹெட் கோரிக்கைகள். ரேஞ்ச் ஹெடரை அனுமதிக்க வேணும், ஈடெக்கை (கோப்பின்ர பதிப்புக் குறி) வெளியே காட்ட வேணும். இதை விட்டா மெப் வெறும் சாம்பல் நிறத்தில நிக்கும், கொன்சோலில சிவப்பு வரி மட்டும்.

5. எழுத்துரு, ஸ்ப்ரைட் (மெப் சின்னப் படங்கள்) கோப்புகளையும் உங்கட டொமைனிலயே வையுங்கோ.

6. கோப்பின்ர பெயரில திகதி போடுங்கோ. புதுசு ஏத்தேக்க பழைய பெயரிலயே மேல எழுதினா, பழைய அட்டவணையை வைச்சிருக்கிற ப்ரௌஸர் புதுக் கோப்பில பிழையான இடத்தைத் துளாவும்.

சில பொறிகள். கணினியில சோதிக்கேக்க பைதனோட வாற சின்ன எச்டிடிபி சேவரைப் பாவிச்சா ஓடாது, அதுக்கு ரேஞ்ச் தெரியாது. உங்கட கோட் பிழையெண்டு நினைச்சு ஒரு பின்னேரத்தை வீணாக்காதேங்கோ. அடுத்தது, கூகுளில அகலாங்கு முதல், நெட்டாங்கு பிறகு. மெப்லிப்ரெயில தலைகீழ். மாறிப் போட்டா வெள்ளவத்தை அனெக்ஸ் எல்லாம் ஸ்வால்பார்ட்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில மிதக்கும்.

பெரிய பொறி தமிழ். மெப்லிப்ரெ எழுத்தை ஒவ்வொரு குறியாத் தனித்தனி வரையும், எங்கட எழுத்துக்குத் தேவையான சேர்ப்பு வேலையைச் செய்யாது. ‘தெஹிவளை’ எண்டு லேபல் போட்டா கொம்பு தகரத்துக்குப் பின்னால போய் நிக்கும், ‘ளை’யும் அப்பிடியே உடையும். சிங்களத்துக்கும் இதே கதி. ஓபன்ஸ்ட்ரீட்மெப்பில தமிழ்ப் பெயருக்குத் தனி டேக் இருக்கு, பெயர் இருந்தும் வரையத் தெரியாது எண்டதுதான் கவலை. வழி: அடி மெப்பில ஆங்கில லேபல். கொள்ளுப்பிட்டி, மருதானை, கிராண்ட்பாஸ் எண்டு நாற்பது பெயரை மட்டும் எச்டிஎம்எல் மார்க்கராப் போடுங்கோ. அதை ப்ரௌஸரே வரையும், ஆகவே எழுத்து ஒழுங்கா வரும். நூற்றுக்கணக்கில போட்டா மலிவு ஃபோன் திணறும்.

மூலையில ஓபன்ஸ்ட்ரீட்மெப் பங்களிப்பாளர் பெயர் கட்டாயம் தெரிய வேணும். கூகுளிட்ட ஜியோகோட் செய்த பழைய ஆள்கூறுகளைத் தூக்கிக்கொண்டு இந்த மெப்பில போட ஏலாது, கூகுள் விதி அதை மறுக்குது. காலிவீதி சொன்ன ஜிபிஎஸ் பொத்தானை இப்பவே போட்டு வைச்சா பிறகு மாறுறது லேசு. பின் இழுக்கிற அந்தப் படிவ மெப்பையும் ஓபன்ஸ்ட்ரீட்மெப்பிலயே வையுங்கோ.

அனெக்ஸ்தேடி

கவுன்ட் போட்டுப் பார்த்தேன். ஃபில்டரை ஆறு தரம் மாற்ற எண் 7. மெப் கொம்பொனன்ட்டின் கீயில ஃபில்டர் ஒப்ஜெக்டை ஸ்ட்ரிங்காக்கிப் போட்டிருக்கு. ஜியோகோடிங்கும் அப்படியே, விளம்பரப் பக்கம் திறக்கும்போது ஓடுது.

எம்பெட், சொந்தப் பெயர்ப் பட்டியல், ஜிபிஎஸ் பொத்தான் மூன்றையும் செய்கிறோம். அப்ப தேடல் பக்கத்தின் 6,000 மட்டும் மிஞ்சுது. பிறகும் பட்ஜெட் ஏன் நிறுத்தவில்லை என்பதும், தூரக் கணக்கும் விளங்கவில்லை. டெவலப்பர்களுக்கு வேறு ப்ரொஜெக்ட் திறந்தால் இன்னொரு 10,000 கிடைக்குமா?

காலிவீதி_கோடர்

கிடைக்காது. இலவச எண்ணிக்கை பில்லிங் எக்கவுன்டுக்கு, ப்ரொஜெக்டுக்கு இல்லை. இலவசத்துக்காகப் பல பில்லிங் எக்கவுன்ட் திறப்பதும் விதிமீறல். ஆனாலும் டெவலப்பருக்குத் தனி ஏபிஐ கீ கொடுங்க, கூகுள் கொன்சோலின் மெட்ரிக்ஸ் (பாவனை எண்கள்) பக்கத்தில கீ வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம், யார் எவ்வளவு எரிக்கிறார் என்று தெரியும்.

இன்னொன்று: இணையத்தில தேடினால் ‘மாதம் 200 டொலர் கிரெடிட்’ என்று இன்னும் எழுதியிருக்கும். அது 2025 மார்ச் 1ஓட முடிந்தது. இப்ப ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச எண்ணிக்கை: எசென்ஷியல்ஸ் வகைக்கு 10,000, ப்ரோவுக்கு 5,000, என்டர்ப்ரைஸுக்கு 1,000. ஒன்றில மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. இந்திய நண்பர் தன் பில்லைக் காட்டி ‘எனக்கு 70,000 ஃப்ரீ’ என்றால் அது அங்கத்து விலைப்பட்டியல், நமக்கு இல்லை.

பட்ஜெட் என்பது மணி அடிக்கிற ஆள், கதவைப் பூட்டுகிற ஆள் இல்லை. 50, 90, 100 வீதத்தில மின்னஞ்சல் வரும், மெப் தொடர்ந்து ஓடும். அந்த மின்னஞ்சலும் தாமதித்துத்தான் வரும். பூட்டு இருப்பது கோட்டா (அளவு வரம்பு) பக்கத்தில. மெப்ஸ் ஜாவாஸ்க்ரிப்ட் ஏபிஐயைத் தெரிவு செய்து, ஒரு நாளைக்கு எத்தனை மெப் லோட் என்பதை மாற்றுங்க.

என்ன எண் போடுவது? 10,000ஐ 31ஆல் பிரித்தால் 322. அப்படிப் போட்டால் ஒரு சதமும் போகாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீடு தேடும்போது மெப் செத்துவிடும். உங்கட சராசரி நாளைக்கு 200. 600 போடுங்க. மாதம் முழுக்க ஒவ்வொரு நாளும் உச்சத்தைத் தொட்டாலும் 18,600, அதில 8,600க்கு 60 டொலர். அதுதான் உங்கட ஆகக்கூடிய நட்டம். நிமிடக் கோட்டாவையும் குறையுங்க, பொட் ஒன்று பாய்ந்தால் நாள் கோட்டாவைப் பத்து நிமிடத்தில விழுங்கிவிடும்.

நாள் என்றால் நம்முடைய நாள் இல்லை. கோட்டா பசிபிக் நேரப்படி நள்ளிரவில புதுப்பிக்கும். நமக்கு அது பகல் 12.30, அவர்களின் குளிர்காலத்தில 1.30. இரவு எட்டு மணிக்குக் கோட்டா முடிந்தால் அடுத்த நாள் மத்தியானச் சாப்பாடு வரை மெப் இல்லை. மாத எண்ணிக்கையும் அதே கணக்கு, 1ஆம் திகதி காலையில பார்த்துவிட்டு ‘புது மாதம் தொடங்கிவிட்டது’ என்று நினைக்க வேண்டாம். மெப் வராத நேரத்துக்கும் பட்டியல் தனியாக ஓடும்படி எழுதுங்க. ‘கூகுள் மெப்பில திற’ என்ற இணைப்பு வைப்பதுக்குக் கீயும் தேவையில்லை, காசும் இல்லை.

கீயை மறைக்க முடியாது, பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் தெரியும். ஆகவே ரெஃபரர் கட்டுப்பாடு கட்டாயம். டொமைனை டபிள்யூடபிள்யூடபிள்யூ உடனும் இல்லாமலும் இரண்டு தரம் போடுங்க, ஒன்றை விட்டால் பாதிப் பேருக்கு மெப் வராது. அதே கீயில ஜாவாஸ்க்ரிப்ட், எம்பெட் தவிர மற்ற ஏபிஐ எல்லாத்தையும் அணைத்துவிடுங்க. திருடிய கீயில யாரோ ப்ளேசஸ் ஓட்டுவதுதான் வழமையான விபத்து.

ஆன்ட்ரொய்ட் ஆப்பில வெப்வியூ என்றால் அதுவும் டைனமிக் மெப் லோட்தான். உண்மையான ஆன்ட்ரொய்ட் எஸ்டிகே மெப்புக்குக் கட்டணம் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆப் பாவனை கூடினால் தேடல் திரையை மட்டும் அதுக்கு மாற்றுவது பற்றி யோசியுங்க. இப்ப வேண்டாம்.

பில்லைப் பார்க்கும்போது டொலர்த் தொகையை அன்றைய டொலர் விலையால் பெருக்கிவிட்டு நிற்காதீங்க. வங்கியின் மாற்று விகிதமும் முத்திரை வரியும் மேலே ஏறும், கார்ட் ஸ்டேட்மென்டில உள்ள ரூபாத் தொகைதான் உண்மையான விலை.

சதுரத்துண்டு

தூரக் கணக்கு. கூகுளின்ர ரூட் மெட்ரிக்ஸில (முந்தி டிஸ்டன்ஸ் மெட்ரிக்ஸ்) கட்டணம் கோரிக்கைக்கு இல்லை, புறப்படுற இடத்தைப் போற இடத்தால பெருக்கினா வாற எண்ணுக்கு. 20 வீட்டுக்கு 5 இடம் எண்டா 100 எலிமென்ட். அடிப்படை வகைக்கு ஆயிரத்துக்கு 5 டொலர், அதாவது ஒரு தேடலுக்கு அரை டொலர். 6,000 பார்வைக்கும் ஓட்டினா 6 லட்சம் எலிமென்ட். நினைச்சுப் பாருங்கோ, மெப் பில்லே சின்னதாப் போயிடும். நேரலை நெரிசலோட கேட்டா வகை மாறி விலையும் ஏறும்.

வீடு நகராது, பஸ் ஹோல்டும் நகராது. ஒவ்வொரு பார்வைக்கும் ஏன் கேக்க வேணும்? விளம்பரம் பதியேக்க ஒரு தரம் கணக்குப் போட்டு வையுங்கோ. அதையும் கூகுளிட்ட எடுத்துச் சேமிக்கிறது விதியோட இடிக்கும், ஆகவே ஓஎஸ்ஆர்எம் (ஓபன்ஸ்ட்ரீட்மெப் தரவில பாதை கணக்கிடுற இலவச மென்பொருள்). அந்தத் தரவை நாடு நாடாப் பிரிச்சுத் தாற ஜியோஃபப்ரிக்கில இலங்கைக் கோப்பு இருக்கு, நடைப் ப்ரொஃபைலில கட்டி ஒரு சின்ன விபிஎஸ்ஸில (வாடகை சேவர்) ஓட்டலாம். கட்டி முடிச்சு 1,500 வீட்டுக்கும் ஓட்டினாப் பிறகு விபிஎஸ்ஸை நிப்பாட்டலாம், புது விளம்பரம் சேர்ந்தா கிழமைக்கு ஒருக்கா எழுப்பினாப் போதும்.

நேர்கோட்டுத் தூரம் போதாதா எண்டு கேப்பீங்கள். காலி வீதியில இருந்து கடல் பக்க ஒழுங்கைக்குப் போதும், நேரே இறங்குது. ஆனா வெள்ளவத்தைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹோல்ட் நேர்கோட்டில 150 மீட்டர் எண்டு காட்டும், பாலத்தைச் சுத்திப் போனா அது பல மடங்கு. ரயில் பாதையும் அப்பிடித்தான். நேர்கோடு பாவிக்கிறதெண்டா ‘நிமிடம்’ எண்டு எழுதாதேங்கோ, மீட்டர் எண்டு மட்டும் போடுங்கோ.

ஓஎஸ்ஆர்எம்முக்கு நெரிசல் தெரியாது. நடை நேரத்துக்குப் பிரச்சினையில்லை. பின்னேரம் ஐந்தரைக்குப் பம்பலப்பிட்டியில இருந்து புறக்கோட்டைக்குப் பஸ்ஸில எத்தனை நிமிடம் எண்டு அதைக் கேட்டா சிரிப்புத்தான் வரும். அதைக் காட்டவே வேண்டாம், கூகுள் மெப்பில திறக்கிற இணைப்பைக் குடுங்கோ.

லீஃப்லெட்_மச்சான்

டைல் சேவர் விதி விசயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சதுரத்துண்டு, பிஎம்டைல்ஸ் கோப்பை லீஃப்லெட்டிலும் போடலாம்தானே? கென்வாஸில வரையும் நூலகம் இருக்கு. அப்ப தமிழ் லேபல் உடையாதே?

சதுரத்துண்டு

ஓம், ப்ரோட்டோமெப்ஸ் லீஃப்லெட் நூலகம் கென்வாஸில எழுதுது. எழுத்தைச் சேர்க்கிறது ப்ரௌஸர், ஆகவே ‘தெஹிவளை’ தெஹிவளையாவே வரும். விலை என்னெண்டா சுழற்சி, சாய்வு இல்லை, சூம் செய்யேக்க படிப்படியாத் தாவும். வாடகை வீடு தேட மெப்பைச் சாய்க்கிற ஆள் யாரும் இல்லை. அனெக்ஸ்தேடி, தமிழ் லேபல் கட்டாயம் எண்டா இதுதான் உங்களுக்குப் பொருத்தம். நாற்பது எச்டிஎம்எல் மார்க்கர் வேலையும் மிச்சம்.

அனெக்ஸ்தேடி

மெப் கொம்பொனன்ட்டின் கீயையும் ‘பெக்’ வழியையும் திருத்தி நேற்று இரவு ஏற்றினோம். இன்று பகல் 12.30 வரை மெட்ரிக்ஸில மெப் லோட் 811, பார்வை 960. விளம்பரப் பக்கத்துக்கு எம்பெட் இன்னும் போடவில்லை, அதனால அந்த எண்ணில பெரும்பகுதி அது. கோட்டா 600ஐ எம்பெட் ஏறிய பிறகுதான் போடலாம் போல.

காலிவீதி_கோடர்

ஓம், இப்ப போட்டால் கோட்டா நாள் முடிய முன்னமே மெப் நின்றுவிடும். எம்பெட் ஏறும் வரை 1,500 போட்டு வையுங்க. லோட் பார்வையை விடக் குறைந்தது ‘பெக்’ வழி சரியாக வேலை செய்யுது என்பதுக்கு அறிகுறி. எம்பெட் வந்த பிறகும் லோட் ஒரு நாளைக்கு 250ஐத் தாண்டினால் மெட்ரிக்ஸை கீ வாரியாகப் பிரித்து ஸ்க்ரீன்ஷொட் போடுங்க. கீயை மறைத்துவிட்டு.